ஆகாயத்துக்கு ஒரு தீர்வை

‘ஆலைச் சீமை’ தொடர் – 14

இருங்காட்டுக்கோட்டையில் கார்களும், சுங்குவார்சத்திரத்தில் கைபேசிகளும், ஒரகடத்தில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உற்பத்தியாகிற விதத்தைச் சென்ற இதழ்களில் விரிவாகப் பார்த்தோம். அப்பொருள்கள் இப்பிரதேசத்தை விட்டு வெளியேறும் வழிகளில் ஒன்றைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகிறேன். கார் கப்பலேறிப் போகிறது. கைபேசியோ விமானமேறிப் போகிறது. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில், அமெரிக்கா இறக்குமதித் தீர்வையை உயர்த்திவிடும் என்ற அச்சத்தினால், ஏறத்தாழ 600 டன் ஐபோன்கள், அதாவது சுமார் 15 லட்சம் கைபேசிகள், சென்னையிலிருந்து சரக்கு விமானங்களில் அவசரமாக அனுப்பப்பட்டன என்றும், அதற்காக மீனம்பாக்கத்தில் 30 மணி நேரம் பிடித்த சுங்கப் பரிசோதனை 6 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது என்றும் ராய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதியது. ஒரு தேசத்தின் தீர்வைக்கு அஞ்சி ஆகாயமார்க்கமாகப் போன அந்தச் சரக்கு, அது கடந்து சென்ற ஆகாயத்துக்கு என்ன தீர்வை செலுத்திற்று என்பதே என் மனத்தில் எழுந்த கேள்வி.

ஒன்றும் செலுத்தவில்லை என்பதே விடை. விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் 3 கிலோவுக்கும் சற்று அதிகமான கரியமில வாயு வெளியாகிறது. ஆயினும் 1944-இல் சிகாகோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, ஒரு நாட்டுக்குள் வந்திறங்கும் அந்நிய விமானத்தின் வயிற்றிலுள்ள எண்ணெய்க்குச் சுங்கம் விதிக்கலாகாது என்று விதித்தது. பின்னர் நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள், இறங்கிய இடத்தில் நிரப்பிக்கொள்ளும் எண்ணெய்க்கும் அச்சலுகையை விரித்தன. உள்நாட்டில் நிலைமை வேறு. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்கும் விமானத்தின் எண்ணெய்க்கு மத்திய சர்க்காரின் கலால் வரியும், அதன்மேல் தமிழ்நாட்டின் 29 சதவிகித விற்பனை வரியும் உண்டு. அதே எண்ணெயை வெளிநாட்டுக்குப் போகிற விமானம் நிரப்பிக்கொண்டால், அவ்விற்பனை ஏற்றுமதியாகக் கருதப்பட்டு வரியிலிருந்து விலக்குப் பெறுகிறது. அதிக தூரம் பறந்து அதிகப் புகையைக் கக்கும் பிரயாணத்துக்கு எண்ணெய் வரி இல்லை. சிறு தூரத்துக்கு உண்டு. இந்த ஏற்பாட்டில் எவ்வித நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

29 சதவிகிதமும் காற்றின் நலத்தைக் கருதி விதிக்கப்பட்டதன்று. அது கஜானாவுக்காக ஏற்பட்ட வரி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது, பெட்ரோல், டீசல் முதலியவற்றோடு விமான எரிபொருளும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. அன்றுமுதல் விமானக் கம்பெனிகள் வரியைக் குறைக்கும்படி கேட்டுவருகின்றன. மத்திய மந்திரியும் அதை 4 சதவிகிதத்துக்குள் கொண்டுவருமாறு மாநிலங்களைக் கோரினார். சில மாநிலங்கள் இசைந்தன. தமிழ்நாடு இசையாமல் நின்றது நன்மையே என்பது என் அபிப்பிராயம். ஆனால் வரியின் நோக்கம் இன்னதென்று பிரகடனம் செய்யப்படவேண்டும். இன்று ஒருவர் வாங்கும் விமான டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள்: அடிப்படைக் கட்டணம், பயணிகள் மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று வரிசையாக இனங்கள் இருக்கின்றன. புகைக்கென்று ஓர் இனம் அதில் இல்லை. சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்துக்காகப் பெருவழித்தடங்களில் ஒரு தீர்வை 2016 முதல் உண்டென்றாலும், அது சேலம் போன்ற ஊர்களிலிருந்து மேலும் பலரைப் பறக்கச் செய்வதற்கானதேயன்றிப் பறத்தலைக் குறைப்பதற்கானதன்று.

பிற தேசங்கள் இதில் முன்னே சென்று, சில வேளை பின்னே திரும்பியும் இருக்கின்றன. பிரிட்டன் 1994 முதல் பயணிதோறும் தீர்வை வாங்குகிறது. இப்போது அது தூரத்துக்கும் இருக்கையின் வகுப்புக்கும் ஏற்ப ஏறுகிறது. பிரான்ஸ் 2006-இல் ஏழை நாடுகளுக்கு மருந்து வாங்குவதற்காக ஒரு தீர்வையை ஏற்படுத்தியது. ஸ்வீடன் 2018-இல் விதித்துவிட்டு 2025-இல் நீக்கிவிட்டது. ஏழை நாட்டில் இதெல்லாம் எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இது: 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின் மதிப்பீட்டின்படி, பயணிகள் விமானங்களால் உண்டாகும் கரியமில வாயுவில் பாதி, உலக ஜனத்தொகையில் ஒரு சதவிகிதத்தினருடைய பிரயாணங்களால் உண்டாகிறது. ஏழையின் மேல் விழாத வரி என்று ஒன்று உண்டானால் அது இதுதான்.

அந்த ஒரு சதவிகிதத்தினருக்காக யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைக் காண ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அதற்கு வேண்டுமாம். ஆண்டுக்கு 10 கோடிப் பிரயாணிகள் வருவார்கள் என்று கணக்கு. அக்கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்து ஜனங்கள் கழனி வேலையும் கூலி வேலையும் முடிந்த மாலைப் பொழுதுகளில் ஊர் நடுவில் கூடி உட்கார்ந்து செய்துவரும் போராட்டம் ஆயிரம் நாட்களைக் கடந்துவிட்டது. அவர்களுடைய கிராம சபை திட்டத்துக்கு எதிராகத் திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. 2025 ஏப்ரலில் மத்திய சர்க்கார் கொள்கையளவில் சம்மதம் கொடுத்த பின்னும் அவர்கள் கலையவில்லை. அவர்கள் காக்க முயல்வது தங்கள் நஞ்செய்யை மாத்திரமன்று. ஏரிக்கு ஏரி நீரைக் கைமாற்றிக் கொடுத்துவரும் அந்தப் பூமியின் ஊடே கம்பன் கால்வாய் ஓடி ஸ்ரீபெரும்புதூர் ஏரியை நிரப்புகிறது. அங்கிருந்து மிகும் வெள்ளம் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கத்து நீரைச் சென்னை குடிக்கிறது.

பத்துக் கோடி என்ற எண், புகைக்கு விலையில்லாத இன்றைய கட்டணத்தை வைத்துப் போடப்பட்டது. விலை மாறினால் எண்ணும் மாறும். பெங்களூருக்கும் மதுரைக்கும் பகல் வேளையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும் வந்தே பாரத் முதலிய ரயில்கள் இருக்கையில், அத்தடங்களில் விமானத்துக்குக் கனத்த தீர்வை விதித்தால், வியாபாரிகளில் ஒரு பகுதியேனும் ரயிலடிக்குத் திரும்புவார்கள். இரண்டரை மணி நேரத்தில் ரயில் சேர்க்கக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானமே கூடாதென்று பிரான்ஸ் 2023-இல் தடுத்துவிட்டது. நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

கைபேசியின் கணக்கு வேறு விதமானது. பெட்டியோடு 400 கிராம் எடையுள்ள கருவி 13,000 கிலோமீட்டர் பறக்கிறது. சரக்கு விமானம் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் சுமக்க ஏறத்தாழ அரைக் கிலோ கரியமில வாயுவை விடுகிறது என்று கொண்டால், ஒரு கைபேசியின் பங்கு இரண்டரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். டன் வாயுவுக்கு 5,000 ரூபாய் என்று தீர்வை விதித்தாலும் கைபேசிக்குப் பதின்மூன்று ரூபாய்தான் ஆகும். அந்தத் தொகைக்காக எந்தக் கம்பெனியும் விமானத்தை விட்டுக் கப்பலுக்குப் போகாது. ஆகவே சரக்கின் மேல் விழும் தீர்வை பறத்தலைக் குறைக்கும் என்று நான் வாதிக்கமாட்டேன். அது பணத்தைக் கொணரும், அந்தப் பணம் இவ்வட்டத்து ஏரிகளைத் தூர்வாரவும், கிராமத்திலிருந்து ஷிப்டுக்கு வரும் பெண்களுக்கு ரயிலும் பஸ்ஸும் விடவும் பயன்படவேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதற்குப் புதிய அதிகாரம் ஒன்றும் தேடவேண்டியதில்லை. ரயில், கடல், ஆகாயம் என்னும் மார்க்கங்களில் செல்லும் சரக்குகள் மேலும் பிரயாணிகள் மேலும் முனைய வரி விதிக்கும் உரிமை, அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் 89-ஆம் இனமாக இருக்கிறது. 1950-இல் அமலான மூல சாசனத்தின் 269-ஆம் ஷரத்து, அவ்வரியை மத்திய சர்க்கார் வசூலித்து மாநிலங்களுக்கே கொடுத்துவிட வேண்டும் என்றும் வகுத்திருந்தது. தமிழ்நாட்டு சர்க்கார் டில்லிக்குப் பரந்தூருக்காக எழுதுகிற கடிதங்களுக்கு முன்னால் இந்த 89-ஆம் இனத்தைக் கேட்டு ஒரு கடிதம் எழுதட்டும். தீர்வை நடைமுறைக்கு வந்து இரண்டொரு வருஷம் சென்றபின், மீனம்பாக்கத்தில் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஏகனாபுரத்து நிலத்தைப் பற்றிப் பேசட்டும்.

(தொடரும்)