உங்களுக்குத் தெரியுமா? கெடார் டீக்கடையில் ஒரு பிரெஞ்சுப் பாட்டு!

விழுப்புரம் மாவட்டம் கெடார் பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடை. காலை ஏழரை மணி. பெஞ்சில் ஒரு காலேஜ் பையன். அவன் செல்லில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது. டீ ஆற்றிக்கொண்டே மாஸ்டரும் கூடவே முணுமுணுக்கிறார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மெட்டு மட்டும் துளி பிசகவில்லை! "என்ன பாஷைப்பா இது?" என்றேன். "தெரியலண்ணே, ரீல்ஸ்ல வருது" என்றான். பிரெஞ்சு தம்பி, பிரெஞ்சு!

அந்தப் பாட்டுக்குப் பெயர் 'தெர்னியேர் தான்ஸ்'. தமிழில் சொன்னால் 'கடைசி நடனம்'. வெளிவந்த வருஷம் 2013. நம்ம பையன் அப்போது சிலேட்டில் அ, ஆ எழுதிக்கொண்டிருந்திருப்பான்!

பாடியவர் பெயர் இன்டிலா. இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். காதில் ஏதாவது தட்டுகிறதா? இந்தியா! பாரிஸில் பிறந்த அவருடைய நிஜப் பெயர் அதீலா செத்ராயா. அல்ஜீரியா, கம்போடியா, எகிப்து, இந்தியா என்று நாலு நாட்டு வேர் அவருக்கு. நாலில் மேடைப் பெயராக அவர் எடுத்துக்கொண்டது நம்மை!

யூடியூபில் அந்த ஒரே பாட்டுக்கு 100 கோடிக்கு மேல் பார்வை! பிரான்ஸின் மொத்த மக்கள்தொகையே 7 கோடிக்குள்தான். கைக்குழந்தை முதல் கிழவி வரை ஆளுக்கு 14 தடவை பார்த்தாலும் கணக்கு இடிக்கும். மிச்சத்தைப் பார்த்தது யார்? கெடார் பையனும் அவன் கூட்டாளிகளும்தான்!

வீடியோவில் என்ன கதை தெரியுமா? வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு பெண் பாரிஸ் தெருக்களில் தனியாக நடக்கிறாள். வானம் இருண்டு சூறாவளி கிளம்புகிறது. அத்தனையும் சோகம்! இந்தப் பாட்டைத்தான் நம் ஊரில் கல்யாண ஆல்பம் வீடியோவுக்குப் பின்னால் போடுகிறார்கள். மாலை மாற்றும்போது 'கடைசி நடனம்'. மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியாதது நல்லதாகப் போயிற்று!

இன்டிலாவின் முதல் ஆல்பம் 'மினி வேர்ல்ட்'. வந்தது 2014-இல். அதற்குப் பிறகு பத்து வருஷம் ஓடியும் இரண்டாவது ஆல்பம் வரவில்லை. ஒரே ஆல்பத்தில் உலகப் புகழ்!

இதைவிட வேடிக்கை ஸ்ட்ரோமாய் என்கிற பெல்ஜியப் பாடகரின் கதை. 'மாயஸ்ட்ரோ' என்ற சொல்லை முன்பின்னாகத் திருப்பிப் போட்டால் 'ஸ்ட்ரோமாய்'. அவ்வளவுதான் அவர் பெயர்! பிரெஞ்சு இளசுகள் வார்த்தைகளை இப்படித் தலைகீழாகக் கவிழ்த்துப் பேசுவதற்கு ஒரு தனி ரகசிய பாஷையே வைத்திருக்கிறார்கள். நம் இளையராஜா ரசிகர்கள் 'மேஸ்ட்ரோ' என்று உருகுகிற அதே சொல்தான். அங்கே கவிழ்ந்து கிடக்கிறது!

அவருடைய 'அலோர் ஓன் தான்ஸ்' வந்தது 2009. இன்ஸ்டாகிராம் என்ற ஒன்றே அப்போது பிறக்கவில்லை. அதே பாட்டை மெதுவாக ஓடவிட்டு 2021-இல் வெளிநாடுகளில் டிக்டாக்கில் ஆடித் தீர்த்தார்கள். பழைய பாட்டுக்கு 12 வருஷம் கழித்து இரண்டாவது கல்யாணம்!

ஜான் என்கிற பிரெஞ்சுப் பாடகியின் 'மகேபா' இன்னொன்று. 2015-இல் வந்த பாட்டு. 2023-இல் யாரோ ஒருவர், அமெரிக்க நகைச்சுவை நடிகர் பில் ஹேடர் எப்போதோ ஆடிய பழைய ஆட்டத்தை வெட்டி இதனுடன் ஒட்டிவிட்டார். செல்போன் செல்போனாகப் பற்றிக்கொண்டது! மகேபா என்றால் ஏதோ மந்திரம் என்று நினைத்து ஆடுகிறார்கள். அது தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற பாடகி மிரியம் மகேபாவின் பெயர்!

அயா நாகமுரா. பெயரைக் கேட்டால் ஜப்பான்காரி. பிறந்தது ஆப்பிரிக்காவின் மாலியில். பாடுவது பிரெஞ்சில். 'நாகமுரா'வைப் பிடித்தது ஒரு அமெரிக்க டிவி தொடரின் கதாபாத்திரத்திலிருந்து! 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், பிரெஞ்சுக் குடியரசுக் காவல் படையின் பேண்டு வாசிக்க, பாலத்தின் மேல் நின்று ஆடிப் பாடினார். ராணுவ பேண்டே குத்தாட்டம் போட்டது!

ரீல்ஸ் எல்லாம் நேற்று வந்தது சார். 1987-இல் 'ஜோ லெ டாக்ஸி' என்ற பாட்டு ஒரு டாக்ஸி டிரைவரைப் பற்றி வந்தது. பிரான்ஸில் 11 வாரம் முதலிடம்! பாடிய வனெஸ்ஸா பராதிக்கு அப்போது வயசு 14!

பிரான்ஸில் ரேடியோ நிலையம் வைத்திருப்பவர் தன் இஷ்டத்துக்கு இங்கிலீஷ் பாட்டாகப் போட்டுத் தள்ள முடியாது. 1994-இல் சட்டம் போட்டார்கள். பாட்டுகளில் 40 சதவீதம் பிரெஞ்சுப் பாட்டாக இருந்தாக வேண்டும் என்று! நம் எஃப்.எம்.காரர்கள் காதில் போட்டு வையுங்கள்.

சரி, இந்தப் பாட்டெல்லாம் நம் ஊருக்கு வந்த வழி? இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தது 2020 ஜூன் 29. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே கடை திறந்தது ஜூலை 8. இடைவெளி வெறும் 9 நாள்! அப்போது ஒரு ரீல் 15 விநாடிதான். பல்லவி பாதி முடிவதற்குள் பாட்டு ஓவர். பாஷை புரியாவிட்டால் என்ன, 15 விநாடிக்கு மெட்டு போதாதா?

பாட்டின் பெயர் தெரியாவிட்டால் ஷாஜாம் ஆப் கண்டுபிடித்துச் சொல்லும், சரி. 2002-இல் பிரிட்டனில் அது தொடங்கியபோது ஆப் கிடையாது. போனில் 2580 என்று அடித்து, பாட்டு வரும் பக்கம் போனை நீட்டிப் பிடிக்க வேண்டும். பதில் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். ஏன் 2580? உங்கள் செல்லின் எண் பலகையை எடுத்து நடு வரிசையை மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள்!

அங்கிருந்து இங்கே வந்ததையே சொல்லிக்கொண்டிருக்கிறேனே. இங்கிருந்து போனது கொஞ்சமா?

'ஒய் திஸ் கொலவெறி டி' யூடியூபில் ஏறியது 2011 நவம்பர் 16. இசையமைத்த அனிருத்துக்கு அது முதல் படம். வயசு 21! தனுஷ் பாடிய 'ரவுடி பேபி' 100 கோடி பார்வையைத் தொட்டது எந்த நாளில் தெரியுமா? 2020 நவம்பர் 16. ஒன்பது வருஷம், அதே தேதி! நாள் பார்த்து வைத்தால்கூட இப்படி அமையாது.

2000-இல் வந்த 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்தில் பிரபுதேவா ஆடும் 'கல்லூரி வானில்' ஞாபகமிருக்கிறதா? 2007-இல் அமெரிக்காவில் ஒருவர் அந்தத் தமிழ் வரிகள் தன் காதில் எப்படி விழுந்தனவோ அப்படியே இங்கிலீஷில் எழுதி வீடியோவின் அடியில் ஓட்டிவிட்டார். பாட்டுக்கே 'பென்னி லாவா' என்று பெயர் ஒட்டிக்கொண்டது! உலகமே விழுந்து விழுந்து சிரித்தது. நம் டீ மாஸ்டர் பிரெஞ்சுக்குச் செய்வதை அமெரிக்காக்காரர் அப்போதே தமிழுக்குச் செய்துவிட்டார்!

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 2021 மார்ச் 7. சந்தோஷ் நாராயணன் இசை, பாடகி தீ, பாடகர் அறிவு இருவரின் குரல். 'என்ஜாய் எஞ்சாமி'! அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பாட்டியின் கதைதான் பாட்டுக்கே வேர். ஒப்பாரி கலந்த பாட்டு. யூடியூபில் 40 கோடி பார்வையைத் தாண்டிவிட்டது! சினிமாவில் வராத தமிழ்ப் பாட்டுக்கு இப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

அதே வருஷம் அதை எடுத்து ரீமிக்ஸ் செய்தவர் யார்? டிஜே ஸ்நேக்! பாரிஸ்காரர்! தோட்டத் தொழிலாளிப் பாட்டியின் கதை, பாரிஸ் டிஜேயின் கையில்! அந்தப் பாம்புக்காரருக்கு நம் தெற்கத்திப் பக்கம் புதுசும் இல்லை. 2018-இல் அவருடைய 'மெஜென்டா ரிடிம்' வீடியோவை எடுத்தது ஹைதராபாத்தில்!

பாரிஸில் லா ஷப்பேல் என்று ஒரு வட்டாரம். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். வருஷா வருஷம் அங்கே மாணிக்க விநாயகர் தேர் ஓடுகிறது. நாதஸ்வரம், தவில், காவடி எல்லாம் உண்டு. பாரிஸ் தார் ரோட்டில் தேங்காய் மலை மலையாக உடைகிறது! பிரெஞ்சுக்காரர்கள் செல்லைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறார்கள். அவர்களுக்கும் அர்த்தம் தெரியாது!

சரி, பிரெஞ்சு அவ்வளவு தூரத்திலா இருக்கிறது? நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையை 1750-இல் பிரெஞ்சுப் படை பிடித்தது ஒரே ராத்திரியில்! 1761 வரை 11 வருஷம் அவர்கள் கையில்தான் இருந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடமான லீசே தொடங்கியது 1826-இல். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற தமிழர்களுக்கு அங்கே இன்றும் 'சொல்தா' என்றுதான் பெயர். பிரான்ஸில் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் புதுச்சேரியிலும் வாக்குச்சாவடி திறக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள்!

கெடார் தம்பி, உன் பாட்டுக்கு அர்த்தம் கேட்க பாரிஸ் போக வேண்டாம். விழுப்புரம் போய் புதுச்சேரி ரயிலில் ஏறு. 1879-இல் போட்ட பாதை. 40 கிலோமீட்டர்கூட இல்லை!