டாக்டர் ஹூ: ஒரு ரசிகையின் கோபம்

2013 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை மூன்றரை மணிக்கு அண்ணன் என்னை உலுக்கி எழுப்பினார். அம்மா விழித்துவிடக் கூடாது என்று ஒலியைக் குறைத்து வைத்துவிட்டு, ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து ‘டாக்டர் ஹூ’ தொடரின் 50ஆம் ஆண்டுச் சிறப்புப் படைப்பைப் பார்த்தோம். உலகெங்கும் 94 நாடுகளில் அது ஒரே நேரத்தில் வெளியானது. எனக்கு அப்போது எட்டு வயது. கதையில் பாதி புரியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து நான் அந்தத் தொடரின் ரசிகை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே தொடர் மீது எனக்கு வந்த கோபத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். 2025ஆம் ஆண்டுப் பருவத்தை இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்கவும்: முடிவை இங்கே சொல்லிவிடுவேன்.

இறந்து பிழைத்த தொடர்

பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். டாக்டர் என்பவர் வேற்றுக்கோளிலிருந்து வந்தவர். வெளியே நீலநிறக் காவல்துறைப் பெட்டி போலவும் உள்ளே மாளிகை போலவும் இருக்கும் ‘டார்டிஸ்’ என்ற வாகனத்தில் காலத்தையும் விண்வெளியையும் கடந்து பயணம் செய்வார். பெரும்பாலும் உடன் ஒரு மனிதத் தோழி இருப்பார். சாகும் நிலை வந்தால் டாக்டரின் உடல் புதுப்பிக்கப்பட்டு வேறு முகம் வந்துவிடும். 1966ல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலின் உடல்நலம் குன்றியபோது, தொடரை நிறுத்தாமல் நடிகரை மாற்றக் கண்டுபிடித்த வழி அது.

1963ல் பிபிசி இத்தொடரைத் தொடங்கியபோது தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கும், முதல் கதையை இயக்கிய, லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேனுக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. 1989ல் தொடர் நின்றுபோனது. இடையில் 1996ல் ஒரு தொலைக்காட்சிப் படம் மட்டும் வந்தது. 2005ல் ரசல் டி டேவிஸ் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அவர் சிறு வயதிலிருந்தே அதன் ரசிகர். 2010ல் விலகிய அவர், 2023ல் திரும்பி வந்தார். இம்முறை டிஸ்னியும் கைகோத்தது. 2024ல் வந்த பருவத்துக்கு மறுபடியும் ‘முதல் பருவம்’ என்றே பெயர் வைத்தார்கள். ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஷூட்டி கட்வா புதிய டாக்டரானார்.

அண்ணன் அதற்கு முன்பே விலகிவிட்டார். 2018ல் ஜோடி விட்டேக்கர் முதல் பெண் டாக்டராக வந்தபோது, “இது நம்ம டாக்டர் இல்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் தனியாகப் பார்க்கத் தொடங்கினேன். அந்தப் பருவத்தில்தான் யாஸ்மின் கான் என்ற தோழி தன் பாட்டியின் இளமைக்காலத்தைத் தேடி 1947ஆம் ஆண்டுப் பஞ்சாபுக்குப் போனாள். இந்தியப் பிரிவினையின்போது ஒரு முஸ்லிம் பெண்ணுக்கும் இந்து இளைஞனுக்கும் நடக்கும் திருமணக் கதை அது. அதைப் பார்த்து நான் அழுதது அண்ணனுக்குத் தெரியாது.

அம்மாவும் உட்கார்ந்தார்

2025 ஏப்ரலில் அடுத்த தோழி அறிமுகமானாள். பெயர் பெலிண்டா சந்திரா. லண்டனில் வேலை பார்க்கும் தாதி. நடித்தவர் கேரளாவில் பிறந்த வரதா சேது.

என் அம்மாவும் தாதிதான். இரவு வேலைக்குப் போகும் முன் சனிக்கிழமை பிற்பகலில் சோபாவில் கால்நீட்டி உட்கார்ந்திருப்பார். புதிய பகுதி நமக்குச் சனிக்கிழமை மூன்று மணிக்கு வரும். திரையில் தாதி உடையில் ஓர் இந்தியப் பெண் வருவதைப் பார்த்ததும், “இது யாரு?” என்று கேட்டார். அதற்குப் பிறகு எட்டு வாரமும் என்னுடன் உட்கார்ந்தார். அறிவியல் புனைகதை என்றாலே “ரோபோ சண்டை” என்று சொல்லும் அம்மா!

பெலிண்டாவை எங்களுக்குப் பிடித்ததற்குக் காரணம் அவள் நிறம் மட்டும் அல்ல. பொதுவாக டாக்டரின் தோழிகள் அவருடைய உலகத்தைக் கண்டு மயங்கிப்போவார்கள். பெலிண்டா மயங்கவில்லை. தன்னைக் கேட்காமலேயே தன் மரபணுவை ஏன் சோதித்தாய் என்று முதல் பகுதியிலேயே டாக்டரை நிற்கவைத்துக் கேட்டாள். “சரியாக் கேட்டா” என்றார் அம்மா. பெலிண்டாவுக்கு ஒரே ஓர் ஆசைதான்: 2025 மே 24ஆம் தேதிக்கு, வீட்டுக்கு, தன் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் டார்டிஸால் அந்தத் தேதியை மட்டும் எட்ட முடியவில்லை. அதுதான் அந்தப் பருவத்தின் புதிர்.

கடைசிக்கு முந்தைய பகுதியில் ஒரு கொடியவனின் ஆசைப்படி உலகமே மாறிவிடுகிறது. அங்கே பெண்கள் இல்லத்தரசிகளாக மட்டுமே இருக்க வேண்டும். பெலிண்டா டாக்டரின் மனைவியாகவும் பாப்பி என்ற குழந்தையின் தாயாகவும் இருக்கிறாள். அந்த வாழ்க்கை மீது சந்தேகம் வந்ததும், காட்டுக்குள் ஓடித் தனியாகக் கத்துகிறாள். இது அவள் தேர்ந்தெடுத்த வாழ்க்கை அல்ல என்பதைக் கதை அவ்வளவு தெளிவாகச் சொன்னது. அந்த வாரம் முழுவதும் முடிவுக்காகக் காத்திருந்தேன்.

முடிவு வந்தது

ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை காலையில் இறுதிப் பகுதியைப் பார்த்தோம். மற்றவர்கள் சண்டையிடும்போது பெலிண்டா குழந்தையுடன் ஒரு பாதுகாப்பான அறைக்குள் அடைந்திருந்தாள். உலகம் பழையபடி ஆனதும் பாப்பி மறைந்துபோனாள். அவளை மீட்க டாக்டர் தன் உயிராற்றலைச் செலவழித்து உலகத்தைச் சற்றே மாற்றினார். மாறிய உலகில் பெலிண்டா முதலிலிருந்தே பாப்பியின் தாய். அவள் வீடு திரும்பத் துடித்ததே குழந்தைக்காகத்தான் என்று ஆகிவிட்டது. பழைய காட்சிகளை வசனம் மாற்றிக் காட்டினார்கள்.

நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நானும் அம்மாதான். அதுல ஒண்ணும் குறை இல்ல. ஆனா அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகணும்னு சொன்னது அவளுக்காகத்தானே? அவளை ஒரு வார்த்தை கேட்கலையே” என்றார்.

முதல் பகுதியில் பெலிண்டா டாக்டரிடம் கேட்ட கேள்வியும் அதேதான். அன்று தொடர் அவள் பக்கம் நின்றது. கடைசியில் தொடரே அவளைக் கேட்காமல் அவள் வாழ்க்கையை மாற்றிவிட்டு, அதை மகிழ்ச்சியான முடிவு என்றும் சொன்னது.

பெர்த்தில் வேலை பார்க்கும் அண்ணனுக்குப் புலம்பி அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: “நான் அப்பவே சொன்னேன்ல?”

எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இரண்டு வகைக் குறை

1986ல் பிபிசியின் ஒரு நிகழ்ச்சியில் பதினாறு வயது ரசிகர் ஒருவர் தோன்றி, அப்போதைய ‘டாக்டர் ஹூ’ கதையை அதன் எழுத்தாளர்களின் காதுபடவே குறை சொன்னார். அவர் பெயர் கிறிஸ் சிப்னல். 2018ல் தொடரின் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. ஜோடி விட்டேக்கரை டாக்டராக்கியவர் அவர்தான். அண்ணன் எழுந்து போனதும் அவர் பருவத்தில்தான்!

இதை யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ரசிகர்களின் குறையில் இரண்டு வகை உண்டு. ‘நான் சிறு வயதில் பார்த்தது போல இப்போது இல்லை’ என்பது ஒன்று. முகம் மாறுவதையே உயிர்நாடியாகக் கொண்ட ஒரு தொடரிடம் அப்படிக் கேட்பது நியாயமில்லை. எட்டு வயதில் போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்த அந்த விடியற்காலையை எந்த எழுத்தாளராலும் எனக்குத் திருப்பித் தர முடியாது. நானும் சில சமயம் அதைத்தான் கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

‘நீ சொன்ன சொல்லை நீயே காப்பாற்றவில்லை’ என்பது மற்றொன்று. அப்படிச் சொல்ல, கதையை ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். எந்த இடத்தில் வாக்குக் கொடுத்தார்கள், எந்த இடத்தில் கைவிட்டார்கள் என்று காட்டத் தெரிய வேண்டும். பிடிக்காதவர் அவ்வளவு மெனக்கெட மாட்டார்.

இறுதிப் பகுதியின் கடைசி நொடிகளில் ஷூட்டி கட்வாவின் முகம் மறைந்து, 2005ல் முதல் தோழியாக நடித்த பில்லி பைப்பரின் முகம் வந்தது. டிஸ்னியுடனான கூட்டு முடிந்துவிட்டதாக அக்டோபரில் பிபிசி அறிவித்தது. தொடர் இதற்கு முன்பும் விழுந்து எழுந்திருக்கிறது. அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை.

அன்றிரவு அண்ணனை அழைத்தேன். “நீங்க சொன்னதும் நான் சொல்றதும் ஒண்ணு இல்ல அண்ணா” என்று தொடங்கி, பெலிண்டாவின் கதையை முதலிலிருந்து சொன்னேன். மரபணுச் சோதனை, மே 24, காடு, அம்மா சொன்னது, எல்லாவற்றையும். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, “அப்ப நீயா இருந்தா எப்படி முடிச்சிருப்ப?” என்றார்.

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் டாக்டரைப் பற்றிப் பேசினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மறுநாள் காலை, சொன்னதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன்.