உயிர் காலேஜும் செத்த காலேஜும்

எங்கள் திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் சென்னைக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அடுத்த கேள்வி "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்பதாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் கல்யாணம். அதுவும் இல்லாவிட்டால் ஏதாவது ஆபீசில் கையெழுத்து. தலைநகரத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு, அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு தடவை போய் வந்தவர்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும். இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் தோழிகளில் பலருடைய ஊரிலும் இதே கதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் 2024 மே மாதம், ஒரு சனி ஞாயிறில் என் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வந்ததை எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் அப்போது எட்டாவது முடித்திருந்தாள். சின்னவனுக்கு ஏழு வயது. லீவு விட்டதில் இருந்து டி.வி.யும் போனும்தான். என் கணவர் சொந்தமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். சனி, ஞாயிறுதான் அவருக்கு வேலை அதிகம். "நீ தனியா ரெண்டு பிள்ளைங்களையும் வெச்சுக்கிட்டு அந்த ஊர்ல என்ன பண்ணுவே?" என்றார். "தனியா எங்க? அத்தையையும் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். காரணம் இருக்கிறது.

என் மாமியாருக்குச் சென்னை என்றாலே பிடிக்காது. மாமனார் நோயில் விழுந்தபோது இரண்டு வருஷம் மாதாமாதம் அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தவர். கடைசியில் வண்டி வைத்து அவரைக் கொண்டு வந்ததோடு சரி, "இனிமே அந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். தாம்பரத்தில் இருக்கும் சொந்த மகள் வீட்டுக்கே ஆறு வருஷமாகப் போகவில்லை.

ஆனால் பேரன் கேட்டால் மறுக்க முடியுமா? "ஆயா, புலி பார்க்கப் போலாம் வா" என்று அவன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றினான். அப்போதுதான் அவர் வாயில் இருந்து நான் அதுவரை கேட்டிராத ஒரு வார்த்தை வந்தது. "உயிர் காலேஜா? அதை நான் கல்யாணம் ஆன புதுசுலயே பார்த்திருக்கேன்டா. மூர் மார்க்கெட் பக்கத்துல இருந்துச்சு. செத்த காலேஜும் பார்த்தேன்."

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ், மியூசியத்துக்குச் செத்த காலேஜ். அந்தக் காலத்தில் கிராமத்து ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்களாம். 1851-ல் ஆரம்பித்த மியூசியம் முதலில் நுங்கம்பாக்கத்தில் ஒரு காலேஜ் கட்டடத்தில் இருந்தது. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் என்கிறார்கள். பிறகு மியூசியம் எழும்பூருக்கு வந்தது. 1855-ல் உயிரியல் பூங்கா தொடங்கியதும் அதே எழும்பூர் வளாகத்தில்தான். பிறகு அது பார்க் டவுனுக்குப் போய், 1985-ல் வண்டலூருக்கு வந்திருக்கிறது. ஆக, உயிருள்ளதும் உயிரில்லாததும் ஒரே வீட்டில் பிறந்த அக்கா தங்கைகள்! "அப்போ இந்த ரெண்டு காலேஜும்தான் நம்ம டூர்" என்று என் மகள் அங்கேயே முடிவு கட்டிவிட்டாள்.

எனக்கும் அது நல்லதாகப் பட்டது. ஒரு நாளைக்கு ஐந்து இடம் என்று இழுத்துக்கொண்டு ஓடினால், பிள்ளைகள் மூன்றாவது இடத்தில் அழுவார்கள், நாம் நான்காவது இடத்தில் அடிப்போம். சனிக்கிழமை வண்டலூர். ஞாயிறு பகலில் மியூசியம், சாயங்காலம் பீச். அவ்வளவுதான். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. சனி ஞாயிறு போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

விடியற்காலை பஸ் ஏறினோம். தெற்கே இருந்து வரும் வெளியூர் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நிற்கின்றன. 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. ஊருக்கு வெளியே இருக்கிறதே என்று பலரும் அலுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வண்டலூர் போகிறவர்களுக்கு அது கொல்லைப்புறம் மாதிரி. ஒன்பதரை மணிக்கெல்லாம் பூங்கா வாசலில் நின்றோம்.

சுமார் 1,500 ஏக்கர் காடு அது. முழுவதும் நடக்க நினைக்காதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் வயதானவர்களுக்கு முடியாது. மாமியாரும் பையனும் பேட்டரி வண்டியில் ஒரு சுற்று போனார்கள். நானும் மகளும் நிழலான பாதையாகப் பார்த்து நடந்தோம். வெள்ளைப் புலி தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "நம்ம எருமை மாதிரியே உட்கார்ந்திருக்கு பாரு" என்றார் மாமியார். பழைய இடத்தில் புலி ஒரு கூண்டுக்குள்ளேயே நடந்து நடந்து திரும்புமாம். "இங்க பரவாயில்லை, நடக்க எடம் இருக்கு" என்று அதற்காகச் சந்தோஷப்பட்டார். பன்னிரண்டரைக்கு வெளியே வந்துவிட்டோம். வண்டலூரில் இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில். முதல் தடவை மின்சார ரயில் ஏறிய பையனுக்குப் புலியைவிட அதுதான் பிடித்திருந்தது.

நாத்தனார் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். மே மாதம் சென்னையில் இருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஊரில் இருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். ஒரு ஹாலும் ஒரு ரூமும் உள்ள வீட்டில் நாலு பேர் வந்து இறங்கினால் சமையல், பாத்திரம், துணி எல்லாம் அவள் தலையில். தண்ணீர்ப் பாடு வேறு. 2019-ல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டுபோன கோடையில் அவள் பட்ட கஷ்டத்தை போனில் கேட்டவள் நான். அதனால் அரிசி, காய்கறி, வடகம், இட்லிப் பொடி எல்லாம் கட்டி எடுத்துப் போனேன். சனிக்கிழமை அவள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது ராத்திரிச் சமையலை முடித்து வைத்திருந்தேன். மறுநாளுக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் நானே கட்டினேன். "நாளைக்கு நீயும் எங்ககூட வர்றே" என்றேன். அவள் முழித்தாள். "அண்ணி, நான் இந்த ஊருக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. மியூசியம் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது" என்றாள். சென்னையில் குடியிருப்பவளுக்கும் சென்னை என்பது வீடும் வேலையும் ரேஷன் கடையும்தான்!

ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் கொஞ்சம் குறைவு. அரை மணி முன்னதாகக் கிளம்பி எழும்பூர் போனோம். வெயில் ஏறும் நேரத்தில் பிள்ளைகளோடு இருக்க மியூசியத்தைப் போல இடம் கிடையாது. தலைக்கு மேல் கூரை, காலுக்குக் கீழே குளிர்ந்த தரை. திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு என் பையன் வாயைப் பிளந்தபடி நின்றான். "ஆயா, இது செத்ததுக்கு அப்புறமும் காலேஜ் படிக்குதா?" என்று அவன் கேட்க, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

வெண்கலச் சிலைகள் இருக்கும் பகுதிக்குள் நுழையும்போது மாமியார் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். நாங்கள் சொல்லவில்லை. காவலுக்கு இருந்தவரும் ஒன்றும் சொல்லவில்லை. திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அர்த்தநாரீஸ்வரரின் ஒரு பாதி ஆண், ஒரு பாதி பெண். அந்தப் பெண் பாதியின் இடுப்பு வளைவையும் ஒற்றைக் கையையும் என் மகள் நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். மாமியார் அதன் முன்னால் கைகூப்பி நின்றார். ரொம்ப நேரம் நின்றார். மாமனாரை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. நாத்தனார் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பிட்டு, நிழலில் சற்று உட்கார்ந்து, நாலரை மணிக்கு மேல் பீச்சுக்குக் கிளம்பினோம். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் நாலு பேரும் பெண்கள். பையனுக்கு மட்டும் அரை டிக்கெட். "உங்க எல்லாரையும் நான்தான் காசு கொடுத்துக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவன் செய்த அதிகாரம் இருக்கிறதே!

காமராஜர் சாலையில் பஸ் போகும்போது நாத்தனார் ஜன்னல் வழியாகக் காட்டிக்கொண்டே வந்தாள். பல்கலைக்கழகம், உழைப்பாளர் சிலை, மாநிலக் கல்லூரி. ராணி மேரி கல்லூரி ஸ்டாப்பில் இறங்கினோம். கடலைப் பார்த்தபடி நிற்கும் காலேஜ். 1914-ல் ஆரம்பித்தது, சென்னையிலேயே பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி, அரசாங்கக் கல்லூரி என்று நான் படித்ததைச் சொன்னேன். என் மகள் கேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நம்ம ஊர்ல இருந்து வந்து இங்க படிக்கலாமாம்மா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மாமியார், "அத்தை வீடு தாம்பரத்துலதானே இருக்கு, ஏன் படிக்கக் கூடாது?" என்றார். சென்னை மண்ணை மிதிக்க மாட்டேன் என்றவர் சொன்ன வார்த்தை இது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பீச்சில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு சாயங்காலக் கூட்டம். மாமியாரை நாங்கள் கைப்பிடித்து மணலில் உட்கார வைத்து நிமிர்ந்தால் பையனைக் காணவில்லை. பத்து நிமிஷம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் ஈரக்குலை நடுங்கிவிட்டது. அப்போது என் போன் அடித்தது. "அம்மா, உங்க புள்ள என் பலூன் சுடுற கடையாண்ட நிக்கிறாம்மா. கையில நம்பர் எழுதியிருந்துச்சு" என்றது ஒரு பெண் குரல். காணும் பொங்கல் அன்று மெரினாவில் போலீசார் குழந்தைகள் கையில் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். அதை நினைவில் வைத்துக் காலையிலேயே இரண்டு பேர் மணிக்கட்டிலும் பேனாவால் எழுதி, அதன் மேல் தெளிவான டேப் ஒட்டியிருந்தேன். ஓடிப்போய்ப் பணம் நீட்டினேன். அந்தக் கடைக்காரம்மா வாங்கவில்லை. "புள்ளையைப் புடிச்சுக்கோம்மா" என்றார். அவர் கடையில் பத்து பலூன் சுட்டுவிட்டுத்தான் வந்தோம்.

அன்று இரவு தாம்பரத்தில் தங்கி, திங்கள் விடியற்காலை பஸ்ஸில் ஊர் திரும்பினோம். சீட்டுப் பணத்தில் மூன்று மாதமாக ஒதுக்கி வைத்த மூவாயிரம் ரூபாயில் மீதியும் இருந்தது.

போக நினைக்கும் தோழிகளுக்குச் சில விஷயங்கள்: நாளுக்கு ஒரு பெரிய இடம், கூட ஒரு சின்ன இடம் போதும். பதினோரு மணிக்கு மேல் நாலு மணி வரை கூரைக்குக் கீழே இருக்கப் பாருங்கள். வெயில் ஏறிய பிறகுதான் கடல் காற்று வீசத் தொடங்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்திருக்கிறது, விளையாட்டில்லை. உப்புப் போட்ட மோரும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். மெரினாவில் அலையில் கால் நனைப்பதோடு சரி, இறங்கவே விடாதீர்கள், இழுப்பு அதிகம். தங்கும் வீட்டில் தண்ணீரை அளந்து செலவழியுங்கள், அடுப்பங்கரையில் பாதி வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த வீட்டுப் பெண்ணையும் கூட அழைத்துப் போங்கள்.

நம் வீட்டுப் பெண் பிள்ளைக்குத் தலைநகரம் ஆஸ்பத்திரி வராந்தாவாக மட்டும் அறிமுகம் ஆகக் கூடாது தோழிகளே. அங்கே இருக்கும் மியூசியமும் காலேஜும் நம் வரிப் பணத்தில் நடப்பவை, நம்முடையவை. ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் அந்த ஊர் தூரமில்லை. இந்த வருஷம் அரைப் பரீட்சை லீவில் நூலகம் பார்க்க வேண்டுமாம், இப்போதே என் மகள் சீட்டு எழுதி வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் பொங்கலுக்குத் துணி எடுக்கும் பணத்தில் கொஞ்சம் ஒதுக்க வேண்டும்.

- ஒரு வாசகி, திண்டிவனம்