குற்றாலம் சீசன்ல ஹோம்மேட் சாக்லேட்: லாபம் எங்கே போகுது?

ஜூன் பொறந்தா தென்காசிப் பக்கம் சாரல், குற்றாலத்துல கூட்டம். "வீட்லயே சாக்லேட் செஞ்சு வித்தா என்ன?"ன்னு தோணுதா? செய்றது ஈஸி. டார்க் காம்பவுண்டை நறுக்கி, வெந்நீர் மேல வச்ச கிண்ணத்துல உருக்கி, வறுத்த முந்திரி கலந்து மோல்டுல ஊத்தினா போதும்.

இப்போ கணக்கு. விலை உதாரணத்துக்குத்தான்; உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

காம்பவுண்டு 500 கிராம்: ரூ.250
முந்திரி 100 கிராம்: ரூ.100
பேக்கிங், கேஸ்: ரூ.40
மொத்தம்: ரூ.390

100 கிராம் பாக்கெட் ரூ.90 வீதம் ஆறும் வித்தா ரூ.540. லாபம் ரூ.150. ரெண்டு பாக்கெட் தங்கிட்டா? ரூ.30 நஷ்டம்! உங்க உழைப்புக்கான கூலியை இதுல சேர்க்கவே இல்லை.

சாரல் நேரத்துல ரிஸ்க் இன்னும் அதிகம். உருகின சாக்லேட்ல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலே திரிஞ்ச மாதிரி கட்டியாகிடும். ஃப்ரிட்ஜ்ல இருந்து வெளியே எடுத்தா ஈரக்காத்துல வேர்த்து, காய்ஞ்சதும் மேல வெள்ளை படியும்.

அதனால ஆர்டர் வாங்கிட்டுச் செய்யுங்க. விக்கிறதுக்கு முன்னாடி எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம். காம்பவுண்டுல கோகோ வெண்ணெய்க்குப் பதிலா தாவரக் கொழுப்புதான் இருக்கும். "பியூர் சாக்லேட்"னு லேபிள் ஒட்டாதீங்க. முக்கியமா, மாசாமாசம் போடுற எஸ்ஐபியை நிறுத்தி இதுல முதல் போடாதீங்க!