நாலரை பவுண்டால் ரத்தான உலகப் பட்டப் போட்டி: மெக்சிகோ வீரர் காஸ்டில்லோவின் வாழ்க்கையை எடை தீர்மானித்தது எப்படி?

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 2006-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி இரவு உலக லைட்வெயிட் பட்டத்துக்கான குத்துச்சண்டைப் போட்டி நடைபெறவிருந்தது. மோதவிருந்தவர்கள் அமெரிக்காவின் டியகோ கொராலெஸும் மெக்சிகோவின் ஹோசே லூயிஸ் காஸ்டில்லோவும். இருவரும் அதற்கு முன் இரண்டு முறை மோதி, ஆளுக்கொரு வெற்றி பெற்றிருந்தனர். மூன்றாவது மோதலில் யார் பெரியவர் என்பது முடிவாகிவிடும் என்று ரசிகர்கள் காத்திருந்தனர்.

முந்தைய நாள் நடந்த எடை சோதனையில் காஸ்டில்லோ எடைக்கருவியின் மீது ஏறினார். லைட்வெயிட் பிரிவின் உச்சவரம்பு 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ. கருவி காட்டியது 139.5 பவுண்டு. ஏறக்குறைய 2 கிலோ அதிகம். கொராலெஸ் மோத மறுத்தார். போட்டி ரத்து செய்யப்பட்டது.

அத்துடன் லைட்வெயிட் பிரிவில் காஸ்டில்லோவின் உயர்மட்ட வாழ்க்கையும் முடிவுக்கு வந்தது. ஒரு நாள் அலட்சியத்தால் நேர்ந்தது என்று இதைக் கருதிவிட முடியாது. அவருடைய பெரும் வெற்றிகளுக்குத் துணைநின்ற உடல்வாகே, பின்னாளில் அவரை அந்தப் பிரிவிலிருந்து வெளியேற்றியது.

சாவேஸின் பயிற்சிக் கூடத்திலிருந்து

காஸ்டில்லோ 1973-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி மெக்சிகோவின் சொனோரா மாகாணத்தில் உள்ள எம்பால்மே என்ற ரயில்வே நகரத்தில் பிறந்தவர். 1990-இல், 16 வயதிலேயே தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கினார். மெக்சிகோ குத்துச்சண்டையின் மாபெரும் வீரராகக் கொண்டாடப்படும் ஹூலியோ சீசர் சாவேஸுக்குப் பல ஆண்டுகள் பயிற்சித் துணைவராக இருந்தார். பெரிய வீரர் ஒருவர் போட்டிக்குத் தயாராகும்போது அவருடன் மோதிப் பழகக் கொடுப்பதே இந்தத் துணைவரின் வேலை. அடி வாங்கும் வேலை என்றும் சொல்லலாம். ஆனால், எதிராளியை நெருங்கி நின்று, விலாவுக்குக் கீழே, கல்லீரலைக் குறிவைத்து இடது கையால் வளைத்துக் குத்தும் மெக்சிகோ பாணியைக் கற்க அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது.

உலக அரங்கில் அவர் பெயர் தெரியவந்தது 2000-ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று. உலக குத்துச்சண்டை கவுன்சிலின் (டபிள்யூபிசி) லைட்வெயிட் சாம்பியனாக இருந்த அமெரிக்காவின் ஸ்டீவி ஜான்ஸ்டனை கலிபோர்னியாவில் அவர் வீழ்த்தினார். சாம்பியனுக்கு எளிய போட்டி என்று கருதப்பட்டிருந்ததால், இந்த முடிவு பெரும் அதிர்ச்சியாக இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜான்ஸ்டனின் சொந்த ஊரான டென்வரில் மறுபோட்டி நடந்தது. முதலில் ஜான்ஸ்டன் வென்றதாக அறிவிக்கப்பட்டது. சற்று நேரத்தில், நடுவர்களின் மதிப்பெண்களைக் கூட்டியதில் தவறு நேர்ந்தது தெரியவந்தது. போட்டி சமனில் முடிந்ததாகத் திருத்தி அறிவிக்கப்பட்டு, பட்டம் காஸ்டில்லோவிடமே திரும்பி வந்தது.

மேவெதருக்குத் தலைவலி தந்த இரவு

தொழில்முறையில் 50 போட்டிகளிலும் வென்று, ஒரு தோல்வியும் இல்லாமல் ஓய்வுபெற்றவர் ஃபிளாய்ட் மேவெதர். அந்தப் பட்டியலில், 'இதில் மேவெதர் தோற்றிருக்க வேண்டும்' என்று ரசிகர்கள் இன்றளவும் வாதிடும் போட்டி ஒன்று உண்டு. 2002 ஏப்ரல் 20 அன்று லாஸ் வேகாஸில் காஸ்டில்லோவுடன் நடந்த முதல் மோதல் அது.

மூன்று நடுவர்களும் மேவெதருக்கே வெற்றியளித்தனர் (115-111, 115-111, 116-111). அரங்கில் கூச்சல் எழுந்தது. குத்துகளை எண்ணும் 'கம்ப்யூபாக்ஸ்' கணக்கின்படி, இலக்கில் விழுந்த குத்துகள் காஸ்டில்லோவுக்கு 203, மேவெதருக்கு 157. வலுவான குத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 173-க்கு 66. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த மறுபோட்டியில் மேவெதர் மீண்டும் புள்ளிகள் அடிப்படையில் வென்றார். அதில் பெரிய சர்ச்சை எழவில்லை.

முதல் போட்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் எண்கள் வேறு இரண்டு உள்ளன. போட்டி நாள் இரவில் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட அதிகாரபூர்வமற்ற எடையில், மேவெதர் 138.5 பவுண்டு இருந்தார். காஸ்டில்லோ 147.5 பவுண்டு, ஏறத்தாழ 67 கிலோ. 135 பவுண்டுக்குள் இருப்பதாக முந்தைய நாள் சான்று பெற்றவர், இரண்டு பிரிவுகள் மேலே உள்ள வெல்டர்வெயிட்டின் 147 பவுண்டு வரம்பையும் தாண்டிய உடலுடன் களத்தில் நின்றார். இதில் விதிமீறல் ஏதுமில்லை. ஆனாலும், காஸ்டில்லோவுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று வாதிடும்போது இந்த 9 பவுண்டு வித்தியாசத்தையும் சேர்த்து எண்ணுவதே நியாயம்.

ஒரே நாளில் 12 பவுண்டு ஏறுவது எப்படி?

உடலில் குறைவதும் கூடுவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். போட்டிக்கு முந்தைய நாட்களில் வீரர்கள் உப்பையும் மாவுச்சத்தையும் குறைக்கின்றனர். கடைசி நாளில் தண்ணீர் அருந்துவதையே நிறுத்துகின்றனர். நீராவி அறையில் அமர்ந்தும், காற்றுப் புகாத உடையணிந்து ஓடியும் வியர்வையை வெளியேற்றுகின்றனர். எடைக்கருவியிலிருந்து இறங்கிய உடனே தண்ணீர், உப்பு, சர்க்கரை, உணவு என்று நிரப்பத் தொடங்குகின்றனர். போட்டி தொடங்கும் வரை கிடைக்கும் ஒரு நாளுக்கும் மேற்பட்ட அவகாசத்தில் உடல் மீண்டும் கனக்கிறது.

நீர் வற்றிய உடலில் ரத்தத்தின் அளவு குறையும், இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் சீக்கிரம் சோர்ந்துவிடும். இழந்த நீர் முழுமையாக மீள்வதற்குள் தலையில் அடி வாங்குவது கூடுதல் ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

முற்காலத்தில் போட்டி நடக்கும் நாளிலேயே எடை பார்க்கப்பட்டது. 1982 நவம்பரில் ரே மன்சினியுடன் நடந்த லைட்வெயிட் பட்டப் போட்டியில் தென்கொரியாவின் கிம் டக்-கூ 14-ஆவது சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் உயிரிழந்தார். எடை வரம்புக்குள் வர அவர் கடுமையாகப் போராடியிருந்தார். அதன் பின்னர் பட்டப் போட்டிகள் 15 சுற்றுகளிலிருந்து 12 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டன. எடை சோதனையும் முந்தைய நாளுக்கு மாற்றப்பட்டது. உடல் தேற நேரம் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். நடைமுறையில், இன்னும் அதிகமாகக் குறைத்து, இன்னும் அதிகமாக ஏற்றிக்கொள்ளலாம் என்ற கணக்குக்கும் அது வழிவிட்டது.

இந்திய ரசிகர்களுக்கு இந்த வேதனை புதிதல்ல. 2024 பாரீஸ் ஒலிம்பிக் மல்யுத்தத்தில், இறுதிப் போட்டி நாளான ஆகஸ்ட் 7 அன்று காலை வினேஷ் போகத்தின் எடை 50 கிலோ வரம்பைவிட 100 கிராம் அதிகமாக இருந்தது. அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் போட்டி நடக்கும் இரண்டு நாட்களும் காலையில் எடை பார்க்கப்படுகிறது. எதிராளி சம்மதித்தாலும் விலக்குக் கிடையாது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் நிலைமை வேறு. எடை கூடியவர் பட்டத்தைப் பெற முடியாது. ஆனால், எதிராளியும் ஆணையமும் ஒப்புக்கொண்டால், அபராதமோ ஊதியத்தில் ஒரு பங்கோ கொடுத்துவிட்டுக் களமிறங்கலாம்.

பத்தாவது சுற்று

மேவெதர் அடுத்த எடைப் பிரிவுக்குச் சென்ற பின்னர், 2004 ஜூனில் அமெரிக்காவின் ஹுவான் லாஸ்கானோவை வென்று காஸ்டில்லோ டபிள்யூபிசி பட்டத்தை மீண்டும் கைப்பற்றினார். கியூபாவின் ஜோயல் காசமயோர், மெக்சிகோவின் ஹூலியோ டியாஸ் ஆகியோரையும் தோற்கடித்தார். பின்னர் 2005 மே 7 அன்று, மற்றொரு அமைப்பான டபிள்யூபிஓ-வின் சாம்பியன் கொராலெஸைச் சந்தித்தார்.

கொராலெஸ் உயரமானவர், நீண்ட கைகள் கொண்டவர். எட்ட நின்று ஆடியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ முதல் சுற்றிலிருந்தே காஸ்டில்லோவின் தோளில் தலையைச் சாய்த்தபடி நெருங்கி நின்று மோதினார். ஒன்பது சுற்றுகள் இருவரும் விலகவே இல்லை. கொராலெஸின் இரு கண்களும் வீங்கி மூடத் தொடங்கியிருந்தன.

பத்தாவது சுற்றின் தொடக்கத்தில் காஸ்டில்லோவின் இடது கைக் குத்தில் கொராலெஸ் தரையில் விழுந்தார். எழுந்தார். மீண்டும் விழுந்தார். இரண்டு முறையும் அவரது பல் காப்பு வாயிலிருந்து வெளியே வந்தது. அதைக் கழுவிப் பொருத்த நேரம் பிடித்தது. வேண்டுமென்றே செய்ததாகக் கருதிய களநடுவர் டோனி வீக்ஸ், ஒரு புள்ளியைக் குறைத்தார். போட்டி அநேகமாக முடிந்துவிட்டது என்றே அரங்கம் நினைத்தது. ஆட்டம் தொடர்ந்த சில நொடிகளில் கொராலெஸின் வலது கைக் குத்து காஸ்டில்லோவை நிலைகுலையச் செய்தது. கயிற்றில் சாய்ந்து கைகள் தொங்க நின்றவர் மீது குத்துகள் விழுந்துகொண்டே இருந்தன. அந்தச் சுற்றின் 2 நிமிடம் 6 நொடியில் வீக்ஸ் போட்டியை நிறுத்தினார்.

அந்த ஆண்டின் சிறந்த போட்டியாக இது தேர்வானது. இதுவரை நடந்தவற்றிலேயே சிறந்தது என்று கூறுவோரும் உண்டு. பல் காப்பைப் பொருத்த எடுத்துக்கொண்ட நொடிகளே கொராலெஸைக் காப்பாற்றின என்று காஸ்டில்லோ தரப்பு ஆதங்கப்பட்டது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், அந்த நொடிகளுக்கு ஒரு புள்ளி விலையாகக் கழிக்கப்பட்டதும், அதன் பிறகு விழுந்த குத்துகளும் கொராலெஸின் கணக்கில் வரவேண்டியவை.

எடைக்கருவிக்குக் கீழே ஒரு கால்

மறுபோட்டி 2005 அக்டோபர் 8 அன்று நடந்தது. முந்தைய நாள் எடை சோதனையில் காஸ்டில்லோ முகாமைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், எடையைக் குறைத்துக் காட்டுவதற்காகக் கருவியின் அடியில் காலை நுழைத்துத் தாங்கியது கண்டுபிடிக்கப்பட்டது. முடிவில் காஸ்டில்லோவின் எடை 138.5 பவுண்டு எனப் பதிவானது. வரம்பைவிட மூன்றரை பவுண்டு, சுமார் 1.6 கிலோ அதிகம்.

கொராலெஸ் விலகியிருக்கலாம். விலகினால் பல மாதப் பயிற்சிக்குப் பின் அன்றைய ஊதியமும் இல்லை. அவர் மோதச் சம்மதித்தார். பட்டம் பணயம் வைக்கப்படாத போட்டியாக அது மாற்றப்பட்டது. நான்காவது சுற்றில் காஸ்டில்லோவின் இடது கைக் குத்தில் விழுந்த கொராலெஸால், பத்து எண்ணி முடிப்பதற்குள் எழ முடியவில்லை.

வரம்பைப் பின்பற்றிய வீரர் கடைசி பவுண்டுகளைக் குறைக்க உடலை வாட்டிக்கொள்கிறார். பின்பற்றாதவருக்கு அந்த வாட்டம் குறைவு. கூடுதல் பவுண்டுகளைவிட இந்த வேறுபாடே பெரியது. அபராதத் தொகையோ பட்டம் கிடைக்காமல் போவதோ அதைச் சமன்செய்வதில்லை. ஆகவே, 2006 ஜூனில் காஸ்டில்லோ 139.5 பவுண்டுடன் வந்தபோது கொராலெஸ் மறுத்ததில் வியப்பில்லை. நெவாடா மாகாண விளையாட்டு ஆணையம் காஸ்டில்லோவுக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம் விதித்து, அவரை இடைநீக்கமும் செய்தது.

இதே வரம்பு கொராலெஸையும் விட்டுவைக்கவில்லை. 2006 அக்டோபரில் காசமயோருடனான போட்டிக்கு அவரும் எடை கூடி வந்து பட்டத்தை இழந்தார், போட்டியிலும் தோற்றார். காஸ்டில்லோவுடனான அந்த முதல் மோதல் நடந்து சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007 மே 7 அன்று லாஸ் வேகாஸில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கொராலெஸ் உயிரிழந்தார். அவருக்கு வயது 29.

டபிள்யூபிசி அமைப்பின் தற்போதைய விதிகளின்படி, பட்டப் போட்டியாளர்களின் எடை 30 நாட்களுக்கு முன்பே வரம்பைவிட 10 சதவீதத்துக்கு மேலும், 7 நாட்களுக்கு முன்பு 5 சதவீதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது. ஐபிஎஃப் அமைப்பு போட்டி நாள் காலையில் மீண்டும் எடை பார்த்து, 10 பவுண்டுக்கு மேல் ஏறுவதைத் தடுத்து வந்தது. இந்த இரண்டாவது விதி 2002-இல் காஸ்டில்லோவுக்குப் பொருந்தியிருந்தால், மேவெதர் போட்டியில் அவர் அந்த எடையுடன் களத்தில் நின்றிருப்பது கடினம்.

140 பவுண்டும் போதவில்லை

2007-இல் காஸ்டில்லோ 140 பவுண்டு பிரிவுக்கு உயர்ந்தார். அந்த ஆண்டு ஜூன் 23 அன்று இங்கிலாந்தின் ரிக்கி ஹாட்டனுடன் மோதினார். நான்காவது சுற்றில் ஹாட்டனின் இடது கைக் குத்து அவரது விலாவுக்குக் கீழே இறங்கியது. மண்டியிட்டவர் எழவில்லை. சாவேஸிடம் அவர் பயின்ற அதே குத்து அது.

அடுத்த ஆண்டு அமெரிக்காவின் திமோதி பிராட்லியுடன் மோதவிருந்த தகுதிப் போட்டியும், காஸ்டில்லோ 140 பவுண்டுக்குள் வராததால் ரத்தானது. பிராட்லி நேரடியாகப் பட்டப் போட்டிக்குச் சென்று, இங்கிலாந்தில் ஜூனியர் விட்டரை வென்று சாம்பியன் ஆனார். காஸ்டில்லோ அதன் பிறகும் பல ஆண்டுகள் மோதினார். 60-க்கும் மேற்பட்ட வெற்றிகளுடன், 2014 நவம்பரில் மாஸ்கோவில் ரஷியாவின் ருஸ்லான் புரோவோத்னிகோவிடம் ஐந்தாவது சுற்றில் தோற்றபோது அவருக்கு 41 வயது நிறைவடைய சில வாரங்களே இருந்தன.