கழுவினால் போகுமா எச்.ஐ.வி.?

கேளம்பாக்கம் பக்கம் பாலியல் தொழிலாளர்களிடையே களப்பணி செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வாடிக்கையாளர் போனதும் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் பெண்கள் உள்ளே கழுவிக்கொள்கிறார்களே, அது எச்.ஐ.வி.யைத் தடுக்குமா? தடுக்காது. போதாக்குறைக்கு, உடம்பில் ஏற்கெனவே இருக்கிற காவலையும் கலைத்துவிடும். மருந்துக் கடை அலமாரியில் பூப்படம் போட்டு விற்கிற ‘அந்தரங்கச் சுத்த’ திரவங்களை உள்ளே விட்டுக் கழுவினாலும் இதே கதைதான். விலை மட்டும் அதிகம்.

அந்தக் காவல் கொஞ்சம் விசித்திரமானது. பிறப்புப் பாதையின் உட்சுவர்ச் செல்கள் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் கிளைகோஜனைச் சேர்த்து வைக்கின்றன. அது சிதைந்து வருகிற சர்க்கரையைத் தின்று லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்க, அங்கே பி.எச். அளவு 4-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. உறை ஊற்றிய பால்தான் இது. நன்றாக உறைந்த தயிரில் வேறு கிருமி எளிதில் தலைகாட்டாது, புளிப்பே வேலி. விந்துவின் காரத்தன்மை அந்தப் புளிப்பைச் சில மணி நேரம் முறிக்கும், தயிரில் ஆப்பசோடா விழுந்த மாதிரி. உறை இருந்தால் மறுபடி புளித்துக்கொள்ளும். ஆனால் சட்டியையே சோப்புப் போட்டுத் தேய்த்து, நேற்றைய உறையையும் சாக்கடையில் கொட்டிவிட்டால்? மறுநாள் கிடைப்பது தயிரல்ல, கெட்டுப்போன பால். உள்ளே கழுவும்போது அமிலமும் போகிறது, அமிலம் தருகிறவையும் போகின்றன. காலியான இடத்தில் கார்ட்னெரெல்லா வகையறா குடியேற, மீன் வாடையோடு வெள்ளைப்படுதல் தொடங்கலாம். வாடை போகவென்று மறுபடி கழுவுவார்கள். சட்டி மறுபடி காலி. (தயிரையே தடவிக்கொள்ளலாமே என்று கிளம்பிவிட வேண்டாம். சட்டித் தயிரின் பாக்டீரியாக்கள் வேறு இனம். அவை அங்கே குடியிருப்பதில்லை.) புதிதாக வந்தவை அழற்சியைக் கிளப்புகின்றன. அழற்சி கண்ட இடத்துக்கு உடல் தன் நோய் எதிர்ப்புச் செல்களை அனுப்புகிறது, அவற்றில் சி.டி.4 செல்களும் உண்டு. எச்.ஐ.வி. தொற்றுவதற்குத் தேடுவதும் அதே சி.டி.4 செல்களைத்தான். காவலுக்கு வந்தவையே இரையாகின்றன. இப்படி உறை மாறிய பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 60 விழுக்காடு கூடுதல் என்கிறது பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் போட்ட ஒரு கணக்கு.

அதிக வாடிக்கையாளர் உள்ளவர்தானே அதிகம் கழுவுவார், குற்றத்தைக் கழுவுவதன் மேல் போடுவது சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குக் குலுக்கல் முறைச் சோதனைதான் பதில் சொல்ல முடியும். கழுவுவதை வைத்து அல்ல, உள்ளே பூசும் ஜெல்லை வைத்து அப்படியொன்று நடந்தும் இருக்கிறது. நொனாக்சினால்-9 என்ற விந்துக்கொல்லி சோதனைக் குழாயில் எச்.ஐ.வி.யைச் சோப்புபோலக் கரைத்தது. அதிசய ஜெல் வந்துவிட்டது என்று பேச்சு. ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் பாலியல் தொழிலாளர்களிடம் சோதித்து 2002-இல் வெளியான முடிவில், ஜெல் பூசியவர்களில் 59 பேருக்கும் போலி ஜெல் பூசியவர்களில் 45 பேருக்கும் எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. வைரஸின் உறையைக் கரைத்த சோப்பு உட்சுவரையும் விடவில்லை. அடுத்த அதிசயம் செல்லுலோஸ் சல்ஃபேட். அதன் சோதனைக் களங்களில் சென்னையும் பாகல்கோட்டும் இருந்தன. 2007 ஜனவரியில் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். இறுதிக் கணக்கில் தொற்றியவர்கள் ஜெல் பக்கம் 25 பேர், போலி ஜெல் பக்கம் 16 பேர். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம்தான். காப்பாற்றியது என்று சொல்ல மட்டும் வழியில்லை. இவ்வளவு பணம் செலவிட்டுச் செய்த ஜெல்லுக்கே இந்தக் கதி என்றால், குளியலறைக் கிருமிநாசினியை நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

வரலாறு சுருக்கமாக: 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா சேகரித்த பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. அன்றிலிருந்து பழி அந்தப் பெண்கள் மேல்.

இந்தத் தொழில் என்றாலே நோய்தானே, கழுவினால் என்ன, கழுவாவிட்டால் என்ன என்பது அந்தப் பழியின் இன்றைய வடிவம். எண்கள் வேறு சொல்கின்றன. 2017 கண்காணிப்பில் இந்தியப் பெண் பாலியல் தொழிலாளர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 1.56 விழுக்காடு. பொது மக்களின் 0.22-ஐவிட இது பல மடங்குதான். ஆனால் நூற்றுக்கு 98 பேருக்குத் தொற்று இல்லை. தொற்று உள்ள ஆணோடு ஆணுறையில்லாத ஒரு உறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாகப் பத்தாயிரத்தில் 8. இந்தச் சராசரியை ஏற்றுவதும் இறக்குவதும் தொழிலின் பெயரல்ல. கிரந்திப் புண் இருக்கிறதா, உறை கலைந்திருக்கிறதா, எதிராளியின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பவைதான். சென்னையும் ஒரு களமாக இருந்து, 1,763 இணையர்களிடம் நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வு, தொற்றுள்ளவர் வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-இல் காட்டியது. அப்படியானால் கேள்வி கேட்க வேண்டியது பெண்ணிடம் மட்டுமா? பரிசோதனைக்கு வராமல் ஊர் திரும்புகிற வாடிக்கையாளரிடமும்தான்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: ஆணுறையும் தண்ணீர் அடிப்படையிலான வழுக்கியும் போதும்; வெளியே வெறும் தண்ணீர், உள்ளே எதுவும் வேண்டாம். வாடையோ புண்ணோ இருந்தால் கழுவி மறைக்காமல் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஆணுறை கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 28 நாள் தடுப்பு மருந்து தேவையா என்று அவர் சொல்வார். எச்.ஐ.வி. பரிசோதனை நம்பிக்கை மையங்களில் இலவசம். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்மதம் இல்லாமல் சோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. சிகிச்சைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. சந்தேகம் கேட்கக் கட்டணமில்லாத எண் 1097.