பேட்டரிக்குள் ஒரு செம்புத் தாள்

செல்பேசியின் லித்தியம் அயனி பேட்டரிக்குள் இரண்டு உலோகத் தாள்கள் இருக்கின்றன. நேர்மின்வாய்க்கு அலுமினியம், எதிர்மின்வாய்க்குச் செம்பு. லித்தியத்தைத் தாங்கி வைப்பது செம்பின் மேல் பூசிய கிராஃபைட்தான். செம்பு எதையும் சேமிப்பதில்லை, மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனாலும் பேட்டரியின் ஆயுளில் அதற்குப் பெரிய பங்குண்டு.

எடையும் விலையும் குறைந்த அலுமினியத்தையே இரு பக்கமும் வைத்தால் என்ன? சார்ஜ் ஏறும்போது எதிர்மின்வாயில் லித்தியம் அலுமினியத்துக்குள் புகுந்து கலப்புலோகமாகிவிடும். தாள் உப்பி உதிர்ந்துபோகும். செம்போ லித்தியத்தோடு கலப்பதில்லை.

சேமிக்காத உலோகம் என்பதால் அதை எவ்வளவு மெலிதாக்க முடியுமோ அவ்வளவு லாபம். 10 மைக்ரான் தாளில் ஒரு சதுர மீட்டரின் எடை சுமார் 90 கிராம்; 6 மைக்ரானில் 54 கிராம்தான். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான்!

இவ்வளவு மெல்லிய தாளைப் பெரும்பாலும் மின்பகுப்பு முறையில்தான் செய்கிறார்கள். செம்பைக் கந்தக அமிலத்தில் கரைத்து, அந்த நீலக் கரைசலில் டைட்டானிய உருளையின் கீழ்ப்பாதி மூழ்கும்படி வைத்து, மின்சாரம் பாய்ச்சிச் சுழற்றுகிறார்கள். உருளைமேல் செம்பு படிந்துகொண்டே வர, கரைசலை விட்டு மேலேறும் இடத்தில் தாளாக உரித்துச் சுருட்டுகிறார்கள். உருளை மெதுவாகச் சுற்றினால் தாள் தடிக்கும். கரைசலில் துளியளவு சேர்க்கும் ஜெலட்டின் போன்ற பொருள்கள் உலோக மணிகளின் அளவையே மாற்றிவிடும். இந்தத் தொழிலின் நுட்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது என்பேன். மணிகள் நுணுகினால் தாளுக்கு வலு கூடும். ஆனால் பெரும்பாலும் நீளும் தன்மை குறையும். இரண்டுமே வேண்டும். பூச்சு ஏற்றும்போதும் உருளைகளுக்கிடையே அழுத்தும்போதும் தாள் கிழியக் கூடாது. பிறகு ஒவ்வொரு சார்ஜிலும் கிராஃபைட் ஏறத்தாழ பத்து சதவீதம் உப்பும், வடியும். அதையும் தாங்க வேண்டும். சிலிக்கான் கலந்தால் உப்பல் இன்னும் பல மடங்கு.

செம்புக்கு ஒரு பலவீனமும் உண்டு. பேட்டரி அளவுமீறித் தீர்ந்துபோனால், எதிர்மின்வாயின் மின்னழுத்த நிலை உயர்ந்து செம்பு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறிடத்தில் படிந்து, இரு மின்வாய்களுக்கும் நடுவிலுள்ள சவ்வைத் துளைத்து உட்குறுக்குச் சுற்றை உண்டாக்கலாம். இதைத் தடுக்கவே பாதுகாப்புச் சுற்று முன்கூட்டியே மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஆனால் சும்மா கிடக்கும் பேட்டரியும் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆகவே பழைய போனையோ மடிக்கணினியையோ எடுத்து வைக்கும்போது பாதியளவு சார்ஜ் ஏற்றி வையுங்கள். வீங்கிய பேட்டரியில் சார்ஜரைச் செருகவே செருகாதீர்கள்.